கட்டளை ஏற்கப்பட்டது, வேலை நடந்ததா?

ரோபோக்கள் இயக்கும் ஆய்வகத்தை அமைக்க விரும்புவோர் முதலில் கேட்பது வேகத்தைப் பற்றி; அடுத்த கவலை, இயந்திரம் பாதியில் நின்றுவிடுமோ என்பது. ஆய்வகக் கருவிகளை மென்பொருளால் இணைக்கும் பணியில் இருக்கும் எனக்கோ, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், பிழையான தரவை இரவு முழுவதும் பதிந்துகொண்டே போகும் ஆய்வகத்தின் மீதுதான் அச்சம் அதிகம்.

96 குழிகள் கொண்ட தட்டில் திரவத்தைச் செலுத்தும் பிப்பெட் ரோபோவை எடுத்துக்கொள்வோம். இவற்றுள் பல, முனையின் மின்தேக்குத் திறன் மாறுவதைக் கொண்டு திரவத்தின் மட்டத்தை அறிகின்றன. மேலே நுரை படர்ந்திருந்தால் அதையே திரவமாகக் கொண்டு, முனை காற்றை உறிஞ்சிவிடக்கூடும். அப்போதும் 'முடிந்தது' என்ற பதில் வரலாம். அந்தப் பதில் மோட்டார் நகர்ந்ததற்குத்தான் சாட்சி, திரவம் நகர்ந்ததற்கு அல்ல. உறிஞ்சும்போதே காற்றழுத்தத்தை அளக்கும் கருவிகள் உண்டு என்றாலும், அந்த அளவீட்டைக் கட்டுப்பாட்டு மென்பொருள் கேட்டு வாங்கிச் சரிபார்த்தால்தான் பயன்.

மறுமுயற்சி இதைவிட ஆபத்தானது. பதில் தாமதமானால் கோரிக்கையை மீண்டும் அனுப்புவது இணையச் செயலிகளை எழுதுவோரின் பழக்கம். ஒரு பக்கத்தை இருமுறை கேட்பதால் தீங்கில்லை, ஆனால் அமிலத்தை இருமுறை ஊற்றினால் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு கட்டளைக்கும் தனி அடையாள எண் இருக்க வேண்டும். அதே எண் மீண்டும் வந்தால் கருவி மறுக்க வேண்டும். மறுக்கத் தெரியாத பழைய கருவி என்றால், மென்பொருள் ஓட்டத்தை நிறுத்தி மனிதரை அழைக்க வேண்டும். சிலா 2 போன்ற பொதுத் தரநிலைகள் கருவிகளின் உரையாடலை ஒழுங்குபடுத்துகின்றன, ஆனால் சொல்லப்படுவது உண்மையா என்று அவை சோதிப்பதில்லை. ('முழு ஒருங்கிணைப்பு வசதி' என்று விளம்பரப்படுத்தப்படும் கருவியின் பின்புறத்தில் பழைய பாணி ஒன்பது முள் சீரியல் போர்ட் (கம்பி இணைப்பு) மட்டும் இருப்பதும் இத்துறையில் சகஜம்.)

பகுப்பாய்வு மென்பொருளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் ரோபோக்கள் இயக்கும் 'ஏ-லேப்', 17 நாள்களில் 58 இலக்குகளில் 41 புதிய சேர்மங்களை உருவாக்கியதாக 2023 நவம்பரில் 'நேச்சர்' இதழில் அறிவிக்கப்பட்டது. லெஸ்லி ஷூப், ராபர்ட் பால்கிரேவ் உள்ளிட்ட வேதியியலாளர்கள் அதன் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுத் தரவுகளை (ஒரு பொருளின் அணு அமைப்பை அறிய உதவுபவை) மறுபரிசீலனை செய்து, தானியங்கிப் பகுப்பாய்வு நம்பகமானதல்ல என்றும், உருவானதாகச் சொல்லப்பட்ட சேர்மங்களுள் மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே அறியப்பட்ட, அணு ஒழுங்கு குலைந்த சேர்மங்களாக இருக்கக்கூடும் என்றும் வாதிட்டனர். ரோபோக் கைகள் தூளைக் கலந்து உலையில் வைத்ததில் அல்ல, கிடைத்தது என்ன என்று மென்பொருள் தீர்மானித்த இடத்தில்தான் அவர்களின் விமர்சனம் விழுந்தது.

ஆகவே கொள்முதலுக்கு முன், சோதனை ஓட்டத்தின் நடுவே தகவல் கம்பியைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்வேன். மின்சாரம் போய் வந்தபின், தன் பிடியில் தட்டு இருக்கிறதா இல்லையா என்பது ரோபோக் கைக்குத் தெரிகிறதா என்றும் பாருங்கள். பயன்பாட்டுக்கு வந்த பிறகு, ஒவ்வொரு தட்டிலும் சில குழிகளில் செறிவு தெரிந்த சாயத்தை ரோபோவைக் கொண்டே செலுத்தி, ஒளி உறிஞ்சுதலை அளந்து, எதிர்பார்த்த மதிப்பிலிருந்து விலகினால் அந்தத் தட்டின் தரவு மொத்தமும் தானாகவே ஒதுக்கி வைக்கப்படுமாறு மென்பொருளை அமைக்கலாம்.