துரு அதிகம் அரிப்பது காற்று எட்டாத இடத்தில்

தூத்துக்குடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "உப்பளத்துக்கு ஓடிய பழைய டாடா 407 லாரியின் சேசிஸை (அடிச்சட்டத்தை) வீட்டு ஷெட்டில் வைத்துத் தேய்த்து, ரெட் ஆக்சைடும் கறுப்பு எனாமலும் அடித்தேன். ஒரு மழைக்காலம் தாண்டவில்லை. கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) சேருகிற இடங்களில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. காற்றுபடும் வெளிப்பக்கம் நன்றாக இருக்கிறது. மூடிய இடம்தானே பத்திரமாக இருக்க வேண்டும்?"

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் கூடினால் துரு. இது பள்ளியில் படித்ததுதான். ஆனால் அந்த வேலை இரண்டு இடங்களில் பிரிந்து நடக்கலாம். ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைகிறது, அது ஆனோடு. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே ஓடி, வேறோர் இடத்தில் ஆக்சிஜனோடும் தண்ணீரோடும் சேர்ந்து ஹைட்ராக்சைடு அயனிகளாகின்றன, அது கேத்தோடு. நடுவில் இருக்கும் உப்புத்தண்ணீர் சுற்றை முடித்துவைக்கிறது.

எது ஆனோடு, எது கேத்தோடு என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? இதற்கு அரிப்பை ஆராய்ந்த வேதியியலாளர் யூலிக் எவன்ஸ் 1920களில் கேம்பிரிட்ஜில் காட்டிய விடை, எனக்குத் தெரிந்த அழகான சோதனைகளில் ஒன்று. பளபளவென்று தேய்த்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் வைக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் முன்னதாகவே இரண்டு பொருட்களைக் கலந்திருக்க வேண்டும்: இரும்பு கரைந்தால் நீலம் காட்டும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, ஹைட்ராக்சைடு உண்டானால் இளஞ்சிவப்பு காட்டும் பினால்ப்தலீன். முதலில் சொட்டு முழுக்க நீலமும் சிவப்பும் புள்ளி புள்ளியாகத் தோன்றும். சொட்டுக்குள் இருந்த ஆக்சிஜன் தீரத் தீர, காட்சி மாறும். ஓரத்தில் சொட்டு மெலிந்திருப்பதால் காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதில் வந்து சேரும். தடித்த நடுப்பகுதிக்குப் போதுமான அளவு போய்ச் சேராது. ஓரம் முழுக்க இளஞ்சிவப்பு வளையம், நடுவில் நீலம், இரண்டும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு நிறத் துரு.

கொஞ்சம் நின்று பாருங்கள். ஆக்சிஜன் நிறைய இருக்கும் ஓரம் தப்பிக்கிறது. ஆக்சிஜன் பஞ்சமான நடுப்பகுதி குழிவிழுகிறது. துரு படிவதோ இரண்டுக்கும் இடையில். துருவைப் பார்த்து "இங்கேதான் இரும்பு போனது" என்று சொல்லவே முடியாது!

உங்கள் சேசிஸில் இரண்டு தகடு ஒட்டிய இடுக்கு, போல்ட் தலைக்கு அடி, சேறு அப்பிய மூலை எல்லாமே அந்தச் சொட்டின் நடுப்பகுதிதான். இடுக்கின் வாயில் ஆக்சிஜன் தாராளம், உள்ளே பஞ்சம். உள்ளே கரைந்த இரும்பு அயனிகளின் நேர்மின்னூட்டத்தைச் சமன்செய்ய, உப்பிலுள்ள குளோரைடு உள்ளே இழுக்கப்படுகிறது. அதனால் அரிப்பு இன்னும் கூடுகிறது. உண்டாகும் துரு, தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும் என்பதால் தகடுகளையே நெம்பிப் பிரித்துவிடும்.

அப்புறம் அந்தக் கொப்புளம். பெயின்ட் படலம் முழுத் தடுப்பு அல்ல. நீராவி மெதுவாக உள்ளே போகும். அடியில் உப்பு மிஞ்சியிருந்தால் சவ்வூடுபரவல் தண்ணீரை இழுத்துப் பெயின்டை உப்பவைக்கும். அதனால் கிரைண்டர் போடும் முன்பே நல்ல தண்ணீரில் அழுத்திக் கழுவுங்கள். இல்லையென்றால் வயர் பிரஷ் உப்பைக் குழிக்குள் திணித்துவிடும். தேய்த்த பிறகு இன்னொரு முறை கழுவி உடனே காயவையுங்கள். பழைய பிரைமரில் ஈயமோ குரோமேட்டோ இருக்கலாம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. நல்ல மாஸ்க் இல்லாமல் தொடவே வேண்டாம்.

பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) இரும்பின் வெப்பநிலை குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்கும்போதுதான் பெயின்ட் அடிக்க வேண்டும். கடலோர ஊரில் விடிகாலை இதற்கு ஏற்ற நேரமல்ல.

ரெட் ஆக்சைடின் சிவப்பு நிறமி வெறும் இரும்பு ஆக்சைடு. நல்ல திரைதான், ஆனால் கீறல் விழுந்தால் தானாகக் காக்காது. துத்தநாகத் தூள் செறிந்த பிரைமர் காக்கும். துத்தநாகம் இரும்பைவிட எளிதாக எலக்ட்ரானை விடுவதால் தானே ஆனோடாகிக் கரைந்து, இரும்பைக் கேத்தோடாக்கிவிடுகிறது. 1824-இலேயே ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி கப்பல்களின் செப்புத் தகட்டை இப்படிக் காத்துக் காட்டினார். ஆனால் தூள்கள் ஒன்றோடொன்றும் வெறும் இரும்போடும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் எலக்ட்ரான் ஓடும். காய்ந்த படலத்தின் எடையில் 80 சதவீதமாவது துத்தநாகம் வேண்டும். அடியில் ரெட் ஆக்சைடு இருந்தால் பயனில்லை.

பேட்டரியில் மாட்டினால் வண்டி துருப்பிடிக்காது என்று விற்கும் மின்னணுப் பெட்டிகளை வாங்காதீர்கள். மின்னோட்டத்தால் காக்க, இரும்பும் சுற்றின் மறுமுனையும் ஒரே ஈரத்தில் மூழ்கியிருக்க வேண்டும். கப்பலுக்கும் புதைத்த குழாய்க்கும் அது சரி. காற்றில் நிற்கும் வண்டிக்கு அந்தச் சுற்று முடிவதே இல்லை. அரிப்பை முறையாக ஆராய்பவர்களும் இருக்கிறார்கள்: காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபம் கடற்கரையில் உலோகங்களைக் காற்றுக்குக் காட்டி அரிப்பை அளக்கிறது. பாலமும் படகும் நிற்பது இப்படிப்பட்ட பொறுமையான வேலையால்தான். ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்காவது இதற்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். போல்ட் போட்ட கிராஸ் மெம்பர்களைக் கழற்றி, இரு முகத்துக்கும் பிரைமர் அடித்து, சீலன்ட் வைத்து மாட்டுங்கள். ரிவெட் அடித்தவற்றைப் பிரிக்க முடியாவிட்டால், கழுவி நன்றாகக் காயவைத்து, இடுக்குக்குள் ஊடுருவும் மெழுகு எண்ணெயை விட்டு, வருடா வருடம் மழைக்கு முன் மறுபடி விடுங்கள். தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் எதனாலும் அடைத்துவிடாதீர்கள்.