ஒரே முகம், மூன்று நடிப்பு

ஊடகவியல் வகுப்புகளில் மாணவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஓர் அட்டவணைதான். கேமராவைத் தாழ்வாக வைத்து எடுத்தால் அதிகாரம், உயரத்திலிருந்து எடுத்தால் பலவீனம், நீல ஒளி என்றால் சோகம். தேர்வெழுத உதவும், படம் பார்க்க உதவாது. தாழ்கோணத்தில் எடுத்த ஒருவரின் ஷாட்டுக்கு முன்னால், தரையில் தவழும் குழந்தை அண்ணாந்து பார்ப்பதை ஒட்டிப் பாருங்கள். அதிகாரம் காணாமல் போய்விடும்; அது வெறும் குழந்தையின் பார்வை.

பொருள் ஷாட்டுக்குள் இல்லை, இரு ஷாட்டுகள் சேரும் இடத்தில் பிறக்கிறது என்பதைச் சோதித்தவர் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ். புரட்சிக்குப் பிந்தைய மாஸ்கோவில் கச்சா பிலிமுக்குக் கடும் தட்டுப்பாடு. எனவே பழைய படங்களை வெட்டி ஒட்டித்தான் பல பரிசோதனைகள் நடந்தன. இவான் மொஸ்ஜூகின் என்ற நடிகரின் உணர்ச்சியற்ற முகம். அதனுடன் ஒருமுறை சூப் தட்டு, ஒருமுறை சவப்பெட்டியில் ஒரு பெண், ஒருமுறை விளையாடும் சிறுமி. முகம் மூன்றிலும் ஒன்றே. பார்த்தவர்களோ அவர் சிந்தனையை, துயரத்தை, மகிழ்ச்சியை எவ்வளவு நுட்பமாக நடித்தார் என்று வியந்ததாக இயக்குநர் புடோவ்கின் எழுதினார்.

இது எப்படி நடக்கிறது? ஒருவர் எங்கோ பார்த்தால் நம் கண்ணும் அங்கே போகும். ஒரு வயது நிரம்பும் முன்பே குழந்தைகளுக்கு வந்துவிடும் பழக்கம் இது. திரையில் முகம் சட்டகத்துக்கு வெளியே பார்க்கும்போது, எதைப் பார்க்கிறார் என்ற கேள்வி எழுகிறது. அடுத்த ஷாட் பதிலாகிறது. பிறகு அந்தப் பதிலை வைத்தே முகத்தைத் திரும்பப் படிக்கிறோம். முகம் தெளிவில்லாமல் இருக்கும் அளவுக்குச் சூழலின் பிடி இறுகும். தேம்பி அழும் முகத்தைச் சூப் தட்டு பசியாக மாற்றிவிடாது.

வகுப்பில் பலர் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. அந்தப் படச்சுருள் இன்று கிடைப்பதில்லை. 1992-இல் ஸ்டீபன் பிரின்ஸ், வெய்ன் ஹென்ஸ்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் சோதனையைத் திரும்பச் செய்தபோது, பெரும்பாலோர் அந்த முகத்தில் எந்த உணர்ச்சியையும் காணவில்லை. 2006-இல் மூளை ஸ்கேனுடன் நடந்த ஆய்விலும், 2016-இல் நடந்த மற்றொன்றிலும் சூழலின் தாக்கம் தெரிந்தது. ஆக, விளைவு உண்மை. புடோவ்கின் வர்ணித்த அளவு மாயம்தான் சந்தேகம். எனக்கு இந்தக் குழப்பம் மூலக்கதையைவிடச் சுவையாகவே படுகிறது.

கைபேசி போதும், வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். நண்பர் லென்ஸுக்குச் சற்றே பக்கவாட்டில் பார்க்கட்டும். அந்த முகத்துடன் வெவ்வேறு ஷாட்டுகளை ஒட்டி மூன்று வடிவங்கள் செய்யுங்கள். ஒரு குழுவுக்கு ஒரு வடிவம் மட்டும் காட்டுங்கள். மூன்றையும் பார்த்தவர் முகம் ஒன்றே என்று கண்டுபிடித்துவிடுவார். "சோகமா, பசியா?" என்று கேட்டால் பதிலை நீங்களே ஊட்டிவிடுகிறீர்கள், "என்ன நடக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். அடுத்து, படத்தைத் தொடாமல் ஒலியை மாற்றுங்கள்: ஒருமுறை குக்கர் விசில், ஒருமுறை ஆம்புலன்ஸ்.

ஷாட்டுகளை மாற்றாமல் வரிசையை மட்டும் மாற்றினாலும் கதை புரளும். புடோவ்கினின் இன்னொரு உதாரணம் இது: சிரிக்கும் முகம், நீட்டிய துப்பாக்கி, அஞ்சும் முகம். இந்த வரிசையில் அவர் கோழை. முதல் ஷாட்டையும் கடைசி ஷாட்டையும் இடம் மாற்றினால், அதே மனிதர் துப்பாக்கிக்கு முன் துணிந்து நிற்பவர்.