லத்தி வரைந்த வரைபடம்

"கடத்தல் தந்தம் பிடிபட்டதாகச் செய்தி வருகிறது. அது எந்தக் காட்டு யானையுடையது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கன்டெய்னர் எந்தத் துறைமுகத்திலிருந்து வந்ததோ, அந்த நாட்டு யானைதானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

அப்படி இல்லை. கடத்துகிறவர்கள் முதலில் செய்கிற வேலையே, யானையைக் கொன்ற நாட்டைவிட்டுத் தந்தத்தை வெளியேற்றுவதுதான். கப்பல் எங்கிருந்து கிளம்பியது என்பதைத் துறைமுகக் காகிதம் சொல்லும். யானை எங்கே செத்தது என்பதைச் சொல்லாது.

2002 ஜூனில் சிங்கப்பூரில் ஒரு கன்டெய்னர் பிடிபட்டது. மலாவியிலிருந்து வந்தது. உள்ளே 6.5 டன் தந்தம்: 532 முழுத் தந்தங்கள், கூடவே 42,120 சின்னச் சின்ன உருளைகள். ஜப்பானில் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துகிற முத்திரைக்கு அறுத்து வைத்தவை அவை. 1989இல் பன்னாட்டுத் தந்த வணிகத்துக்குத் தடை வந்தபின் அதுவரை பிடிபட்டதிலேயே பெரிய சரக்கு அதுதான். குறைந்தது 3,000 யானைகளாவது செத்திருந்தால்தான் இவ்வளவு சேரும்.

பல நாடுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரட்டியிருப்பார்கள் என்றுதான் புலனாய்வாளர்கள் நினைத்தார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உள்ள சாமுவேல் வாஸரின் குழு தந்தத்தையே விசாரித்தது.

தந்தம் ஒரு பல். மேல்தாடை வெட்டுப்பல் நீண்டு வளர்ந்தது. அதனால் அதற்குள் டி.என்.ஏ. உண்டு. ஆனால் சாதாரணமாக அரைத்தால் சூட்டில் சிதைந்துவிடும். ஆகவே அடிப்பகுதியில் ஒரு சில்லை வெட்டி, குழாயில் போட்டு, திரவ நைட்ரஜனில் முக்கி, குழாய்க்குள் இருக்கும் உலோகத் தண்டைக் காந்தத்தால் முன்னும் பின்னும் அடிக்கவிட்டு மாவாக்குகிறார்கள். அதன்பின் நடப்பதெல்லாம் வழக்கமான ஆய்வக வேலை.

சரி, டி.என்.ஏ. கிடைத்துவிட்டது. அதில் ஊர்ப் பெயரா எழுதியிருக்கும்?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். டி.என்.ஏ.வில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திக்குவாய்போலத் திரும்பத் திரும்ப வரும். ஒரு யானைக்கு அது 12 முறை வரலாம், இன்னொன்றுக்கு 15 முறை. யானைக்கு இதனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பெற்றோரிடமிருந்து அப்படியே இறங்கி வரும். இப்படி 16 இடங்களை எடுத்துக்கொள்கிறார்கள். எந்த எண்ணிக்கை எந்தப் பகுதியில் அதிகம் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

பேச்சு வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பேசும் ஒரு சொல்லை வைத்து அவர் ஊரைச் சொல்ல முடியாது. பதினாறு சொற்களைக் கேட்டால் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். அதற்கு எந்த ஊரில் எப்படிப் பேசுவார்கள் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். யானைக்கு அந்த அகராதியைத் தந்தது லத்தி. குடலைத் தாண்டி வரும்போது குடல்சுவரின் செல்கள் லத்தியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வரும். யானையைத் தொடவே வேண்டாம். அது போனபின் குனிந்து எடுத்தால் போதும். ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் இப்படி மாதிரிகள் சேர்ந்தன.

லத்தி கிடைக்காத காடுகளை என்ன செய்வது? யானைகள் பக்கத்துக் கூட்டங்களோடுதான் இணைசேரும். அதனால் எண்ணிக்கைகள் திடீரென்று தாவாமல், பேச்சு வழக்கைப் போலவே மெல்ல மெல்ல மாறும். மாதிரி எடுத்த இரண்டு இடங்களுக்கு நடுவே என்ன இருக்கும் என்பதைக் கணக்குப் போட்டு நிரப்பிவிடலாம். ஆக, யாரும் கால்வைக்காத காட்டுக்கும் வரைபடத்தில் முகவரி உண்டு.

'லத்தி பொறுக்கப் போகிறேன், பல ஆண்டுகள் ஆகும்' என்று விண்ணப்பித்தால் நிதிக்குழுவில் எத்தனை பேர் சிரிக்காமல் இருப்பார்கள்? உடனே பலன் கேட்கிறவர்கள் கையில் பணப்பை இருக்கும்வரை இந்த மாதிரி அகராதிகள் பாதியில்தான் நிற்கும்.

சிங்கப்பூர்த் தந்தங்களை இந்த வரைபடத்தில் வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் புல்வெளி யானைகள். ஜாம்பியாவை மையமாகக் கொண்ட ஒரே பட்டைக்குள் விழுந்தன. அதே ஜாம்பியா, இருப்பிலுள்ள தந்தத்தை விற்க அனுமதி கேட்டபோது, பத்தாண்டுகளில் திருட்டுத்தனமாகக் கொல்லப்பட்டவை 135 யானைகள்தான் என்று கணக்குக் காட்டியிருந்தது! பிறகு அங்கே வனவிலங்குத் துறை இயக்குநர் மாற்றப்பட்டார். நீதிமன்றத் தண்டனைகளும் கடுமையாயின.

'பிடிபடுவது புதிது இல்லை, அரசுக் கிடங்கிலிருந்து கசிந்த பழைய சரக்கு' என்ற சமாதானமும் அடிக்கடி வரும். அதைச் சரிபார்க்கவும் வழி உண்டு. 1950கள், 60களின் அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரட்டிப்பாகி, பின் ஆண்டுக்காண்டு இறங்கிவருகிறது. தந்தத்தின் அடியில் கடைசியாகப் படிந்த அடுக்கில் உள்ள அளவைப் பார்த்தால் யானை செத்த காலம் தெரியும். 2002 முதல் 2014 வரை பிடிபட்ட 14 சரக்குகளின் 231 துண்டுகளை இப்படிச் சோதித்தார்கள். பெரும்பாலானவை பிடிபடுவதற்கு மூன்று ஆண்டுகளுக்குள் செத்த யானைகளுடையவை.

அடுத்து இணை. ஒரு யானைக்கு இரண்டு தந்தம். ஆனால் சரக்குகளில் பாதிக்கு மேல் ஒற்றையாக வந்தன. மற்றது எங்கே? 2018இல் வெளியான ஆய்வில் டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது, சிலவற்றின் ஜோடிகள் வேறு கன்டெய்னர்களில் கிடைத்தன. அந்த இரு கன்டெய்னர்களும் ஏறக்குறைய எப்போதுமே ஒரே துறைமுகம் வழியாக, பத்து மாத இடைவெளிக்குள் போயிருந்தன. தனித்தனி வழக்காகக் கிடந்தவை ஒன்றாகச் சேர்ந்து கென்யாவின் மொம்பாசா, உகாண்டாவின் எண்டெபே, டோகோவின் லோமே ஆகிய இடங்களை மையமாகக் கொண்ட மூன்று கும்பல்களைக் காட்டின.

இவ்வளவும் நடக்க, பிடித்த அரசு ஒரு சில்லை வெட்டிக் கொடுக்க வேண்டும். 500 கிலோவோ அதற்கு மேலோ பிடிபட்டால் 90 நாளுக்குள் மாதிரி அனுப்பும்படி, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் நாடுகள் 2013இல் தீர்மானம் போட்டன. எல்லா நாடுகளும் அனுப்புவதில்லை.