கத்தீட்டர்னா என்ன, கழட்டுனா என்ன ஆகும்?

டாக்டர் கத்தீட்டர்னு சொல்றத நம்ம வீட்ல யூரின் டியூப்னுதான் சொல்றோம். வேர் கிரேக்கம், 'கதா'ன்னா கீழே, 'ஹியெனாய்'னா அனுப்புறது, ரெண்டும் சேந்து உள்ள இறக்குற கருவின்னு ஆச்சு. தமிழ்ல வடிகுழாய், சிறுநீருக்கு வைக்கிறது சிறுநீர் வடிகுழாய், நல்ல சொல்லு, தாராளமா புழங்கலாம். ரிப்போர்ட்ல ஃபோலின்னு இருந்தா அது 1930கள்ல பலூன் வச்ச குழாய உருவாக்குன அமெரிக்க யூராலஜிஸ்ட் ஃபிரெடரிக் ஃபோலியோட பேரு. நுனி பலூன்ல தண்ணி ஏத்தித்தான் குழாய நிறுத்துறாங்க, அந்தத் தண்ணிய சிரிஞ்ச்ல உறிஞ்சி எடுத்தப்புறம்தான் உருவணும், வீட்ல யாரும் இழுத்துப் பாக்காதீங்க.

மாசக்கணக்கா வடிஞ்சிட்டே இருந்தா நீர்ப்பை நிறையுறதே இல்ல. சாதாரணமா 400, 500 மில்லி பிடிக்கிற பை, விரியுற வேலையே இல்லாம கொள்ளளவு கொறஞ்சிடும், அதான் குழாய எடுத்த புதுசுல அடிக்கடி பாத்ரூம் ஓடுறது, எரிச்சல், போறதுக்குள்ள துணியில கசியுறது எல்லாம். பலருக்கு இது போகப்போக கொறையும், டாக்டர் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா அடக்கிப் பழகணும்.

அடுத்து எல்லாரும் பயப்படுற சொல்லு, வாய்டிங் டிரையல், அதாவது குழாய எடுத்துட்டு யூரின் தானா வருதான்னு பாக்குறது. வாய்டிங்னா காலி பண்றது, தமிழ்ல சிறுநீர் கழிப்பு முயற்சின்னு சொல்லலாம், சோதனைன்னு சொல்ல எனக்கு மனசு வரல, ஏன்னா பரீட்சை மாதிரி நெனச்சு ஃபெயில் ஆயிட்டோம்னு பெரியவங்க உடைஞ்சு போறாங்க. பெரும்பாலும் காலைல குழாய எடுப்பாங்க, தண்ணி குடிக்க வச்சு, போற யூரின ஜாடியில அளந்து, உள்ள எவ்ளோ தங்குதுன்னு ஸ்கேன்ல பாப்பாங்க, அந்த மிச்சந்தான் எஞ்சிய சிறுநீர், பி.வி.ஆர்.னு எழுதிருக்கும். புரோஸ்டேட்ங்கிற, நீர்ப்பைக்குக் கீழ இருக்க சுரப்பி வீங்குன ஆம்பளைங்களுக்கு, யூரின் வர்ற வழியத் தளர்த்துற டாம்சுலோசின் மாதிரி மாத்திரைய சில நாள் முன்னாடியே ஆரம்பிப்பாங்க. மலச்சிக்கலையும் முதல்ல சரி பண்ணணும், நெறஞ்ச மலக்குடல் யூரின் வர்ற பாதைய அமுக்கும்.

வரலன்னா திரும்ப குழாய் வச்சு கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி பாப்பாங்க. இல்லன்னா தேவைப்படுறப்ப மட்டும் நாமளே சின்ன குழாய உள்ள விட்டு வடிச்சுட்டு உடனே எடுத்துடுறது, விட்டுவிட்டு வடித்தல்னு தமிழ்ல சொல்லலாம். 1972ல அமெரிக்காவுல ஜாக் லேபிடஸ் இதப் பத்தி எழுதினப்புறம்தான் இது பரவலாச்சு, கைய நல்லா கழுவி சுத்தமா செஞ்சா வீட்லயே முடியும்னு காட்டினார். இதுல பை நெறஞ்சு காலியாகுற பழக்கம் விட்டுப் போகாது, நெறைய பேருக்கு நிரந்தர டியூப்ப விட இது எவ்வளவோ மேல், டாக்டர்கிட்ட கூச்சப்படாம கேளுங்க.

குழாய எடுத்தப்புறம் மணிக்கணக்கா யூரின் வராம அடிவயிறு இறுகி வலிச்சா விடியட்டும்னு இருக்காதீங்க, ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு கெளம்புங்க.