வராத கையில் ஒரு செபமாலை

மாலை ஆறு மணிக்கு மாதா கோயில் மணி அடித்தது. அதுவரைக்கும் அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கீழ்வேளூருக்குத் தெற்கே ஒரு கிராமம், குறுவை நடவு நடந்துகொண்டிருந்த சமயம், அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டு 20 நாள் ஆகியிருந்தது. மகள் எதிரே உட்கார்ந்து "அம்மா, என் பேரச் சொல்லும்மா, ஒரே ஒரு தடவ" என்று கேட்கிறாள். அம்மாவுக்கு உதடு அசைகிறது, கண் கலங்குகிறது, பெயர் மட்டும் வரவில்லை. மணிச் சத்தம் கேட்டதும் மகள் பழக்கத்தில் மூவேளைச் செபத்தை ஆரம்பித்தாள். "அருள் நிறைந்த மரியே" என்று அவள் தொடங்க, கட்டிலிலிருந்து இன்னொரு குரல், "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று சின்ன வயதில் படித்த பழைய மந்திரத்தை எடுத்து, யாரும் சொல்லிக்கொடுக்காமலே கடைசி ஆமென் வரைக்கும் சொல்லி முடித்தது.

வீடே அழுதது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து "புதுமை, மாதா புதுமை" என்றார்கள். பயிற்சி கொடுக்கப் போயிருந்த நானும் அழுதேன். அப்புறம் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, இது ஏன் நடக்கிறது என்று சொன்னேன். நாமாக யோசித்து வார்த்தையைத் தேடி எடுத்துப் பேசுவதற்கு மூளையின் இடது பக்கம் வேண்டும், பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான், அந்த அம்மாவுக்கு அடி பட்டது அந்தப் பக்கத்தில். ஆனால் ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லி ஊறிப்போன செபம், பாட்டு, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவது, இதெல்லாம் வேறு வழியிலும் வெளியே வர முடியும். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் இந்த வழியைப் பிடித்துத்தான் ராகத்தில் ஆரம்பித்துப் பேச்சுக்குக் கொண்டுபோவார்கள். இதைச் சொன்னதால் அது புதுமை இல்லை என்று ஆகிவிடாது. 60 வருஷம் தினமும் சாயங்காலம் அந்த அம்மா சொன்ன செபம், எல்லா வார்த்தையும் போன நாளில் அவருக்குத் துணைக்கு நின்றது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். 14 வருஷமாக நாகப்பட்டினம், திருவாரூர் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கிறேன். என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் பக்கவாதம்தான். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள், செபத்தை நம்புகிறவள். செபம் ஆட்களை எழுப்பி உட்கார வைத்ததையும் பார்த்திருக்கிறேன், செபத்தின் பெயரால் நேரம் போய் ஒரு கை அப்படியே நின்றுபோனதையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் பார்த்தவள் சும்மா இருக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, அந்த நிமிஷமே 108. கடிகாரத்தைப் பார்த்து எத்தனை மணிக்குக் கடைசியாக நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்தில் பெரும்பகுதி ரத்தக்குழாய் அடைப்பால் வருவது, அந்த அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கும் முன்னால் ஸ்கேன் எடுத்து அடைப்பா, ரத்தக்கசிவா என்று பார்க்க வேண்டும். வேதாரண்யம் பக்கத்திலிருந்து தஞ்சாவூர் போய்ச் சேரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அப்படியென்றால் யோசிக்க நமக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், முழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போய்விடும். யாரோ சொன்னார்கள் என்று மாத்திரையும் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவாக இருந்தால் ஆபத்து. புறா ரத்தம் தடவுவது, சூடு போடுவது, எண்ணெய் போட்டு முறுக்கி நீவுவது எதுவும் வேண்டாம். செபம் செய்யுங்கள், ஆம்புலன்சில் ஏறிய பிறகு அந்த இரண்டு மணி நேரமும் செய்துகொண்டே போங்கள்.

ஒருவர், 50 வயது இருக்கும், காலையில் பல் விளக்கும்போது வாய் கோணியிருக்கிறது. வீட்டில் பயந்துபோய் ஒரு செபக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று நாள் உபவாச செபம். ரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். நாலாம் நாள் நினைவு தப்பிய பிறகுதான் மருத்துவமனை. என் கைக்கு அவர் வந்தபோது ஒன்றரை மாதம் ஆகியிருந்தது, இடுப்பில் படுக்கைப்புண். யாருடைய பெயரும் எனக்கு வேண்டாம், அந்தக் கூட்டத்தில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, அவர் மனைவி மூன்று நாளும் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் முழந்தாளில் இருந்திருக்கிறார். ஆனால் கடைசியில் அந்த நோயாளியிடம் சொன்னது என்ன தெரியுமா? "உனக்கு விசுவாசம் பத்தல." இன்று வரைக்கும் அந்த மனிதர் அதையே நினைத்து மருகுகிறார், கை வராதது கூட அவருக்கு இரண்டாம் பட்சம்.

மாற்கு நற்செய்தியில் இரண்டாம் அதிகாரத்தை ஒரு தடவை எடுத்துப் படியுங்கள். கப்பர்நாகூமில் ஒரு வீட்டில் இயேசு இருக்கிறார், முடக்குவாதக்காரர் ஒருவரை நாலு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள், வாசலில் கூட்டம், உள்ளே போக வழியில்லை. அவர்கள் திரும்பிப் போகவில்லை. கூரை மேல் ஏறி, பிரித்து, கட்டிலை அந்த வழியாக உள்ளே இறக்கினார்கள். இயேசு யாருடைய விசுவாசத்தைப் பார்த்தார் என்று அங்கே எழுதியிருக்கிறது? அவர்களுடைய விசுவாசத்தை. படுத்துக்கிடந்தவர் நம்பினாரா இல்லையா என்று தனியாக ஒரு கேள்வி கேட்கவே இல்லை. நோயாளியைப் பார்த்து உன் விசுவாசம் போதாது என்று சொல்ல யாருக்கும் இடமில்லை என்று நான் இந்த ஒரு வசனத்தை வைத்தே சொல்வேன். நீங்கள் கட்டிலின் ஒரு காலைப் பிடித்தீர்களா, அதுதான் கேள்வி.

பக்கவாதத்தில் அந்தக் கட்டிலைத் தூக்குவது ஒரு நாள் வேலை இல்லை. மாதக் கணக்கில், சிலருக்கு வருஷக் கணக்கில். முதல் மூன்று மாதம் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அப்புறம் மெதுவாகும், ஆனால் ஆறு மாதத்தோடு கதவு மூடிவிடும் என்று சொல்வது சரியில்லை. அடிபட்ட பகுதி செய்துகொண்டிருந்த வேலையை மூளையின் மற்ற பகுதிகள் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரே அசைவை ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை, மனசை அதில் வைத்துச் செய்ய வேண்டும். சும்மா இழுத்து விடுவதில் பலன் குறைவு. நல்ல கையே எல்லாம் செய்துவிட்டால் வராத கையை மூளை மறந்துபோகும். இதைத்தான் வீட்டில் உள்ளவர்கள் பாசத்தில் கெடுக்கிறார்கள், ஊட்டி விடுகிறார்கள், சட்டை போட்டு விடுகிறார்கள்.

அக்கரைப்பேட்டைப் பக்கம் ஒரு பெரியவர், கடலுக்குப் போனவர், இடது கை விழுந்துவிட்டது. நான் ரப்பர் பந்து கொடுத்தேன், பயறு பொறுக்கச் சொன்னேன், இரண்டாம் நாளே "போ டாக்டரம்மா, சின்னப் புள்ள வெளாட்டு" என்று தள்ளிவிட்டார். ஆனால் அவர் தலைமாட்டில் செபமாலை தொங்கியது, தினமும் வலது கையில் மணியை உருட்டி 53 மணி செபம் சொல்கிறவர். நான் அதை எடுத்து இடது கையில் வைத்து, "மாதாவுக்கு இந்தக் கையாலயும் சொல்லுங்கய்யா" என்றேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு மணியைப் பிடித்து, தள்ளி, அடுத்ததைப் பிடிப்பது சாதாரண வேலை இல்லை, நாங்கள் பயிற்சி அறையில் சொல்லிக்கொடுக்கும் மிக நுணுக்கமான அசைவு அதுதான். முதல் வாரம் ஒரு மணி கூட நகரவில்லை, வலது கையால் இடது விரலைப் பிடித்து நகர்த்தினார். அந்த மாதம் முடியும்போது மூன்று மணி, அர்ச்சிஷ்டவர்களின், அதாவது புனிதர்களின், பெயர்களையெல்லாம் இடையில் கூப்பிட்டுக்கொண்டு. அறுப்புக் காலம் வருவதற்குள் ஒரு பத்து மணி முழுசாக. என் பயிற்சித் தாளில் இருந்ததை அவர் ஒரு நாளும் செய்ததில்லை, செபமாலையை ஒரு நாளும் விட்டதில்லை.

அன்றிலிருந்து நான் யார் வீட்டுக்குப் போனாலும் அவர்கள் என்ன செபம் செய்கிறார்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு கையையும் கோத்துக் கும்பிடுகிறவர்களா, அதையே பயிற்சியாக்கலாம்: விரல்களைக் கோத்து, வராத கையின் கட்டை விரலை மேலே வைத்து, நல்ல கை தாங்க மெதுவாக நெஞ்சு உயரத்துக்குத் தூக்குவது, வலி இல்லையென்றால் முகம் வரைக்கும். கையைத் தூக்கித் துதிக்கிற சபையா, நல்ல கையை மட்டும் தூக்காமல் மற்றதையும் அதோடு கோத்துத் தூக்கச் சொல்கிறேன். ஆனால் ஒன்று, தோளில் கவனம். கட்டிலிலிருந்து எழுப்பும்போது வராத கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும், அந்த வலி வந்தால் பயிற்சியே நின்றுபோகும். எங்கள் ஊர்ப் பக்கம் மாதம்தோறும் முதல் வெள்ளி அன்று சாமியார் வீட்டுக்கு வந்து நோயாளிகளுக்கு நற்கருணை கொடுப்பார், அதை வைத்து நான் கெடு வைப்பேன், அடுத்த முதல் வெள்ளிக்குச் சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்து வாங்க வேண்டும் என்று. வேறு எந்தக் கெடுவும் இந்த அளவுக்கு வேலை செய்வதில்லை. நோயில்பூசுதலும் அப்படித்தான், சாமியார் எண்ணெய் பூசினால் ஆள் போய்விடுவார் என்று பயந்து தள்ளிப்போடுகிறார்கள், அது நோயாளிக்குத் திடம் கொடுக்கிற அருட்சாதனம், சாகப்போகிறவர்களுக்கு மட்டும் உள்ளது இல்லை.

மூன்றாம் மாதம் முடிகிற சமயம்தான் எல்லோருக்கும் கஷ்டமான சமயம். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வருவதை நிறுத்தியிருப்பார்கள், பணம் கரைந்திருக்கும், முன்னேற்றமும் மெதுவாகியிருக்கும். அப்போதுதான் "மாதா என்னைக் கைவிட்டுட்டாங்க" என்ற பேச்சு வரும். அந்த நேரத்தில் "அப்படிச் சொல்லக் கூடாது" என்று வாயை அடைக்காதீர்கள். சங்கீதங்களில் எத்தனை பாட்டு எதுவரைக்கும் ஆண்டவரே என்று கேட்கிறது, 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது, ஆறுதலாகக் கடைசியில் ஒரு வரி கூடக் கிடையாது, ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது. புலம்பலும் செபம்தான். அதே நேரம், பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது, அது மூளையில் பட்ட அடியாலும் வருவது, அதற்கு மாத்திரை இருக்கிறது. சாப்பாடு இறங்காமல், தூக்கம் இல்லாமல், செத்துப்போனால் தேவலை என்று சொல்ல ஆரம்பித்தால் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணுக்கும் பேசலாம். பார்த்துக்கொள்கிறவர்களும் பேசலாம்.

நேர்த்திக்கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் நெருங்கினால் எங்கள் சாலையெல்லாம் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிற கூட்டம், இந்துக்களும் நிறையப் பேர். மோர் விற்ற கால் ஊனமான சிறுவன் வேளாங்கண்ணி நடுத்திட்டில் மாதாவைக் கண்டு எழுந்து நாகப்பட்டினத்துக்கு ஓடினான் என்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், அதை நான் நம்புகிறேன். ஆனால் பக்கவாதம் வந்து எழுந்தவர் வெயிலில் மணல் பாதையில் முழந்தாளால் போகிறேன் என்று நேர்ந்துகொண்டால் நான் தடுப்பேன். ரத்த அழுத்தம் ஏறும், மறுபடி விழுவார். பங்குச் சாமியாரிடம் சொல்லுங்கள், தனிப்பட்ட நேர்த்தியிலிருந்து விலக்குக் கொடுக்கவும், அதை வேறொன்றாக மாற்றவும் அவருக்கு அதிகாரம் உண்டு. தவக்கால ஒருசந்தி நோன்பும் அப்படியே, நோயாளிகளுக்குத் திருச்சபையே விலக்குக் கொடுத்திருக்கிறது. சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரையை எந்தச் செபத்துக்காகவும் நிறுத்த வேண்டாம். வாங்கப் போக முடியாதவர்களுக்கு 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டு, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கீழ்வேளூர் அம்மா இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரைக்கும் வருகிறார். "தண்ணி", "போதும்", "வா" எல்லாம் சொல்கிறார். மகள் பெயரை மாதா பாட்டின் ராகத்தில் வைத்துச் சேர்ந்து பாடினால் வருகிறது, தனியாகக் கேட்டால் இன்னும் வரவில்லை. மகள் இப்போதெல்லாம் தனியாகக் கேட்பதில்லை. சாயங்காலம் மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், அடுப்பு வேலையை அப்படியே போட்டுவிட்டு, அம்மாவின் வலது பக்கமாக வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.