அண்டாவில் உங்கள் பங்கு எவ்வளவு?

"தம்பி, புதிதாக ஒரு மியூச்சுவல் ஃபண்டு வந்திருக்கிறதாம். ஒரு யூனிட் பத்தே ரூபாய். நான் வைத்திருப்பது 312 ரூபாய்க்கு ஓடுகிறது. அதை விற்றுவிட்டு இதில் போட்டால் யூனிட் எக்கச்சக்கமாகக் கிடைக்கும் என்று வங்கியில் சொன்னார்கள்."

வந்தவர் மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். கையில் கூட்டல் கழித்தல் எல்லாம் எழுதிய ஒரு தாள். ஐந்து இலட்சத்துக்குப் பத்து ரூபாய் விலையில் ஐம்பதாயிரம் யூனிட். 312 ரூபாய் விலையில் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். கணக்கில் பிழையே இல்லை. அவரை அந்தக் கணக்கைப் போட வைத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். புதுத் திட்டம் விற்க இலக்கு இருந்திருக்கும். பாவம், அவர்களுக்கும் மாதக் கடைசி.

"ஐயா, இரண்டு திட்டமும் ஒரே பங்குகளைத்தான் வாங்கியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தை பத்து சதவீதம் ஏறினால் என்ன ஆகும்?"

பத்து ரூபாய் பதினொன்றாகும். 312 என்பது 343 ரூபாய் 20 காசாகும். இரண்டிலும் அவருடைய ஐந்து இலட்சம் ஐந்தரை இலட்சமாகத்தான் நிற்கும். போட்டுப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தார். "அப்படியானால் இந்த யூனிட் என்பதுதான் என்ன?"

இருபது ஆண்டுகளாக மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தராக இருக்கிறேன். என் மேசைக்கு வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இதைக் கேட்பதில்லை. போட்டது ஏறியதா, இறங்கியதா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் கேட்டதால், தாளின் பின்பக்கத்தில் நாங்கள் போட்ட கணக்கை இங்கேயும் தருகிறேன்.

நூறு பேர் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் ஓர் அண்டாவில் போடுகிறார்கள். மொத்தம் பத்து இலட்சம். யூனிட் ஒன்று பத்து ரூபாய் என்று வைத்தால் ஓர் இலட்சம் யூனிட். அந்தப் பணத்தில் வாங்கிய பங்குகளின் மதிப்பு பன்னிரண்டு இலட்சமாக ஏறினால், ஒரு யூனிட்டின் மதிப்பு 12 ரூபாய். கொடுக்கவேண்டிய செலவுகளைக் கழித்துவிட்டு, மீதியை யூனிட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் என்.ஏ.வி. எனப்படும் நிகரச் சொத்து மதிப்பு. அதற்குமேல் அதில் இரகசியம் ஒன்றும் கிடையாது.

இப்போது நூற்றோராவது ஆள் 12,000 ரூபாயோடு வருகிறார். அவருக்கு 12 ரூபாய் விலையில் ஆயிரம் யூனிட் கொடுத்தால், அண்டாவில் 12,12,000 ரூபாய், யூனிட்டுகள் 1,01,000. வகுத்துப் பாருங்கள், மறுபடியும் 12 ரூபாய். பழையவர்களுக்கு ஒரு காசு கூடவில்லை, குறையவில்லை. ஆனால் அவருக்குப் பழைய பத்து ரூபாய் விலையிலேயே யூனிட் கொடுத்திருந்தால் 1,200 கிடைத்திருக்கும். அண்டாவை 1,01,200 ஆல் வகுக்க வேண்டும். விலை 12 ரூபாயிலிருந்து இரண்டு காசுக்குமேல் சரிகிறது. அந்தக் காசு, முன்பே இருந்த நூறு பேரின் மடியிலிருந்து புதியவர் மடிக்குப் போனது.

நுழைகிறவருக்கும் கிளம்புகிறவருக்கும் அன்றன்றைய மதிப்பே விலை. எப்போது வேண்டுமானாலும் நுழைந்து கிளம்பக்கூடிய திறந்தநிலைத் திட்டம் இந்த ஒரு விதியில்தான் நிற்கிறது. விதி தவறினால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்தது. 1964இல் தொடங்கிய யூ.எஸ்.64, அரசு உருவாக்கிய யூனிட் டிரஸ்ட் என்ற ஃபண்டு நிறுவனத்தின் முதல் திட்டம். ஊரில் அரசு வேலை பார்த்த பாதிப் பேரிடம் அந்தச் சான்றிதழ் இருந்தது. அதில் யூனிட்டை விற்கும் விலையையும் திரும்ப வாங்கும் விலையையும் நிர்வாகமே வைத்தது. உள்ளே இருந்த பங்குகளின் மதிப்பு விழுந்தும், வெளியேறுகிறவர்களுக்கு அதைவிடக் கூடுதலான விலை கிடைத்தது. விவரம் தெரிந்த பெரிய நிறுவனங்கள் முதலில் கிளம்பின. 2001 ஜூலையில் வாங்கலும் விற்றலும் நிறுத்தப்பட்டன. காத்திருந்தவர்கள், வழக்கம்போல, சிறு முதலீட்டாளர்கள். பின்னர் அரசு கைகொடுத்தது. 2003இல் திட்டம் முடிந்து, யூனிட்டுக்குப் பதிலாக 6.75 சதவீத வட்டிப் பத்திரங்கள் கொடுக்கப்பட்டன.

பெரும்பாலான திட்டங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு முன் பணம் போய்ச் சேர வேண்டும் என்று நாங்கள் பறப்பதற்கும் காரணம் இதே விதிதான். சேர்ந்தால் அன்று இரவு கணக்கிடும் விலை, தவறினால் அடுத்த வேலை நாளின் விலை. "நேற்றைய விலை குறைவாக இருந்ததே, அதில் போடக்கூடாதா" என்று தொலைபேசியில் கெஞ்சுகிறவர்கள் உண்டு. நேற்றைய விலையில் உங்களை உள்ளே விட்டால், இன்று ஏறியது யாருடைய பணம்?

போர்மேன் ஐயாவின் மனைவி ஏலச்சீட்டுக் கட்டுகிறவர். அதனால் அடுத்த கேள்வி அங்கிருந்து வந்தது: "சீட்டும் எல்லார் பணத்தையும் ஒன்றாகச் சேர்ப்பதுதானே?" சேர்ப்பது மட்டும்தான் ஒன்று. இருபது பேர், இருபது மாதம் என்று சீட்டில் ஆளும் காலமும் முதலிலேயே முடிவாகிவிடும். நடுவில் புதிதாக ஒருவர் நுழைய முடியாது. அவசரம் என்றால் ஏலத்தில் ஒரு தொகையை விட்டுக்கொடுத்துத் தள்ளி எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் தவணை கட்டித் தீர்க்க வேண்டும். திறந்தநிலைத் திட்டத்தில் எந்த வேலை நாளிலும் நுழையலாம், எந்த வேலை நாளிலும் கிளம்பலாம். நீங்கள் கிளம்பும்போது உங்கள் இடத்துக்கு இன்னொருவரைத் தேட வேண்டியதில்லை. திட்டமே யூனிட்டை வாங்கி அழித்துவிட்டு, பங்குத் திட்டமானால் பெரும்பாலும் இரண்டு வேலை நாளில் பணத்தை வங்கிக் கணக்கில் போட்டுவிடும். வரிச்சலுகைக்காக வாங்கும் இ.எல்.எஸ்.எஸ். என்ற பங்குத் திட்டம் ஒரு விலக்கு. உள்ளே வரும் கதவு திறந்திருக்கும். வெளியே போகும் கதவு ஒவ்வொரு முறை போட்ட பணத்துக்கும் மூன்று ஆண்டு கழித்தே திறக்கும்.

அண்டா யார் வீட்டில் இருக்கிறது என்றும் கேட்டார். சரியான கேள்வி. மியூச்சுவல் ஃபண்டு என்பது சட்டப்படி ஓர் அறக்கட்டளை. எந்தப் பங்கை வாங்குவது, எதை விற்பது என்று முடிவு செய்வது சொத்து மேலாண்மை நிறுவனம். ஆனால் வாங்கிய பங்குகளும் பத்திரங்களும் அதன் பெட்டியில் இருப்பதில்லை. காப்பாளர் என்ற தனி அமைப்பிடம் இருக்கின்றன. யாருக்கு எத்தனை யூனிட் என்ற பேரேட்டைப் பதிவாளர் நிறுவனம் எழுதுகிறது. அப்படிப்பட்ட இரண்டு பெரிய பதிவாளர்களில் ஒன்றான கேம்ஸ், சென்னையில்தான் இருக்கிறது. ஆகவே மேலாண்மை நிறுவனம் நொடித்துப்போனாலும் அண்டா அதோடு முழுகிவிடாது. ஆனால் அண்டாவுக்குள் இருக்கும் சரக்கு விலை இறங்கினால் யாரும் ஈடு கட்டமாட்டார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, "செபி இருக்கிறதே, பணம் போகாது" என்று அந்த ஒழுங்குமுறை அமைப்பைக் காட்டி ஆறுதல் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

கதவு எப்போதும் திறந்திருக்கிறது என்பதில் ஒரு சிக்கலும் உண்டு. பலருக்கு உறைப்பதில்லை. கிளம்புகிறவருக்குப் பணம் கொடுக்க மேலாளர் எதையாவது விற்றாக வேண்டும். பெரிய நிறுவனப் பங்குகளை நொடியில் விற்றுவிடலாம். கடனைத் திருப்பித் தருமா என்ற தரமதிப்பீடு குறைந்த ஒரு நிறுவனத்தின் கடன் பத்திரத்தைச் சந்தை பயந்திருக்கும் வாரத்தில் விற்றுப் பாருங்கள்! விலை கேட்கவே ஆள் வராது. அதனால் விலைபோகும் நல்ல பத்திரங்கள் முதலில் போய்விடும். பேசாமல் இருந்தவர்களுக்கு விலைபோகாதவை மிஞ்சும். பக்கத்து யூனிட்காரர் போனால் எனக்கென்ன என்று இருக்க முடியாது. அவர் எடுத்துப் போவது உங்கள் அண்டாவின் மேல்பகுதி.

2020 மார்ச்சில் கொரோனா முடக்கம் வந்தபோது நடந்தது இதுதான். பணத்தை எடுக்க நெருக்கினார்கள். கடன் பத்திரச் சந்தை உறைந்தது. ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஃபண்டு நிறுவனம், கடன் பத்திரங்களில் போடும் தன் ஆறு கடன் திட்டங்களை மூடுவதாக அறிவித்தது. அவற்றில் சுமார் 25,000 கோடி ரூபாய் இருந்தது. திறந்தநிலைத் திட்டங்களின் கதவு ஒரே இரவில் சாத்தப்பட்டது. நான்கு நாளில் ரிசர்வ் வங்கி, மற்ற ஃபண்டுகளுக்கும் இது பரவாமல் இருக்க 50,000 கோடி ரூபாய்க்குச் சிறப்புக் கடன் வசதியை அறிவித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு, பத்திரங்கள் விற்க விற்கத் தவணை தவணையாகப் பணம் திரும்பியது. முழுகவில்லைதான். ஆனால் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று அதில் வைத்திருந்தவருக்கு, பணம் பிறகு வந்தது என்பது எவ்வளவு ஆறுதல்?

ஆகையால் வைப்புத்தொகைக்குப் பதிலாக என்று யாராவது கடன் திட்டத்தைக் காட்டினால், சென்ற ஆண்டு எத்தனை சதவீதம் கொடுத்தது என்ற வரியை நான் கடைசியில்தான் பார்ப்பேன். உள்ளே இருக்கும் பத்திரங்களின் பட்டியல் இணையத்திலேயே வெளியாகிறது. அரசுப் பத்திரம் எவ்வளவு, மிக உயர்ந்த மதிப்பீடான ஏஏஏ தரம் எவ்வளவு, அதற்குக் கீழே எவ்வளவு, கையில் ரொக்கம் எவ்வளவு என்று விரலை வைத்துப் படிக்கச் சொல்வேன். ஒரு திட்டத்தில் குறைந்தது இருபது முதலீட்டாளர்கள் இருக்க வேண்டும், எவரும் இருபத்தைந்து சதவீதத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்று செபி விதித்திருப்பதும் ஒரே யானை எழுந்து நடந்தால் அண்டா கவிழ்ந்துவிடும் என்ற பயத்தில்தான்.

போர்மேன் ஐயா புதுத் திட்டத்தின் விண்ணப்பத்தை என் மேசையிலேயே விட்டுவிட்டார். கணக்குப் போட்ட தாளை மட்டும் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வீட்டில் அவள் இரண்டு காசு எங்கே போனது என்று கேட்பாள். மறுபடியும் ஒருமுறை சொல்லுங்கள்" என்றார். இன்னொரு தாளை எடுத்தேன்.