100 எம்பிபிஎஸ் இருந்தும் மேட்ச் ஏன் சுற்றுகிறது?

அதே டிவி, அதே நெட். இரண்டரை மணி நேரப் படம் ஓரிடத்திலும் நிற்காமல் ஓடுகிறது. மேட்ச் போட்டால் மட்டும் முக்கியமான ஓவரில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்த்தால் 100 எம்பிபிஎஸ் காட்டும். இந்த இடத்தில் பலர் 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறுகிறார்கள். அந்தக் காசு பெரும்பாலும் வீண். நேரலை நிற்பதற்குக் காரணம் அநேகமாக வேறு.

இணையத்தில் நேரலை இடைவிடாமல் வருவதில்லை, துண்டு துண்டாக வருகிறது. 2009-இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்.எல்.எஸ் முறைதான் இன்றும் பரவலாக இருக்கிறது. மைதானத்தில் எடுக்கும் காட்சியைச் சில வினாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு கோப்பாகச் சர்வரில் வைப்பார்கள். முதலில் 10 வினாடித் துண்டுகள் வழக்கம், இப்போது ஆப்பிள் பரிந்துரைப்பது 6 வினாடி. எந்தெந்தத் துண்டு தயார் என்று ஒரு சின்னப் பட்டியலும் கூடவே இருக்கும். டிவியில் உள்ள ஆப் அந்தப் பட்டியலை அடிக்கடி பார்த்து, புதிதாகச் சேர்ந்த துண்டை எடுத்து வைத்துக்கொள்ளும். அந்தக் கையிருப்புதான் பஃபர். அது தீர்ந்தால் வட்டம்.

இப்போது ஒரு கணக்கு போடலாம். 1080பி தரத்துக்கு வினாடிக்குச் சுமார் 5 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், 6 வினாடித் துண்டின் அளவு 30 மெகாபிட். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அது 0.3 வினாடியில் வந்துவிடும். மீதி 5.7 வினாடி உங்கள் இணைப்பு சும்மா கிடக்கிறது. ஏனென்றால் அடுத்த துண்டில் இருக்க வேண்டியது இன்னும் நடக்கவே இல்லை, பந்து வீச்சாளர் இப்போதுதான் ஓடி வருகிறார். இட்லிக் கடையில் எவ்வளவு பெரிய பாத்திரம் கொண்டுபோய் நின்றாலும் அடுத்த ஈடு இறங்கினால்தான் இட்லி. 200 எம்பிபிஎஸ் ஆக்கினால் 0.3 வினாடி 0.15 ஆகும், அவ்வளவுதான்.

படம் அப்படி இல்லை. முழுப் படமும் சர்வரில் இருப்பதால் ஆப் நிறைய முன்னதாகவே எடுத்து வைத்துவிடும், நடுவில் நெட் கொஞ்ச நேரம் படுத்தாலும் நமக்குத் தெரியாது. நேரலையிலோ நீங்கள் எவ்வளவு பின்தங்கிப் பார்க்கிறீர்களோ அவ்வளவுதான் கையிருப்பு இருக்க முடியும். அதனால்தான் கடைசித் துண்டிலிருந்து மூன்று துண்டு தூரமாவது பின்தங்கி ஓட்டத் தொடங்கு என்று எச்.எல்.எஸ் விதி சொல்கிறது. 6 வினாடித் துண்டு என்றால் 18 வினாடி. டிஷ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் விக்கெட் சத்தம் முதலில் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2019-இல் இந்தத் தாமதத்தைக் குறைக்கும் புதிய வடிவத்தை ஆப்பிள் அறிவித்தது. ஆனால் தாமதம் குறைந்தால் கையிருப்பும் குறையும். உடனுக்குடனும் வேண்டும், நிற்கவும் கூடாது என்று இரண்டையும் முழுசாகக் கேட்க முடியாது.

காசில்லாத வைத்தியம் இதிலேயே இருக்கிறது. மேட்ச் தொடங்கியதும் ஆப்பில் பாஸ் போட்டு, அரை நிமிடம் ஒரு நிமிடம் விட்டுப் பிறகு ஓடவிடுங்கள். உங்களுக்கு முன்னால் அவ்வளவு துண்டுகள் தயாராக இருக்கும். ஒருமுறை சுற்றி நின்றபின் சிவப்பு ‘லைவ்’ பொத்தானை அழுத்துகிறோமே, அதைச் செய்ய வேண்டாம். நின்றதால் கிடைத்த இடைவெளியை அது மறுபடி பிடுங்கிவிடும்.

சரி, 18 வினாடி கையிருப்பை எது கரைக்கிறது? பெரும்பாலான வீடுகளில் வைஃபைதான். வேகம் சில நொடிகளில் 2 எம்பிபிஎஸ்ஸுக்கு விழுந்தால், 30 மெகாபிட் துண்டு வந்து சேர 15 வினாடி பிடிக்கும். தரத்தைக் குறைக்க வேண்டும் என்று ஆப் புரிந்துகொள்வதற்குள் கையிருப்பு ஏறக்குறைய காலி, அடுத்த துண்டும் தாமதித்தால் வட்டம். வட்டம் நின்றபிறகு ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் மறுபடி 100 காட்டும். அது டிவி இருக்கும் இடத்தைப் பற்றியும் சொல்லாது, அந்த 15 வினாடியைப் பற்றியும் சொல்லாது. அடுக்குமாடிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான், சுற்றியுள்ள வீடுகள் எல்லாம் அதில்தான் நிற்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையைக் கலைக்கும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாம், ஆனால் அது சுவரைத் தாண்டத் திணறும். டிவிக்குப் பின்னால் சொருகிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை ஒரு சின்ன எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரில் வெளியே தொங்கவிட்டாலே சிக்னல் தேறும். எல்லாவற்றையும்விட ஒரு லேன் கேபிள் இழுப்பது மேல். டிவியின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் தானே என்று தயங்க வேண்டாம், நமக்கு வேண்டியது ஐந்து.

இன்னொரு காரணம் வரிசை. வீட்டில் ஒருவர் போனில் கல்யாண வீடியோக்கள் கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது ரவுட்டரில் பாக்கெட்டுகள், அதாவது அனுப்ப வேண்டிய டேட்டாவின் சின்னப் பொட்டலங்கள், குவியும். “அடுத்த துண்டு கொடு” என்ற டிவியின் சின்னக் கோரிக்கையும் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்கும். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கவனித்து, பஃபர்பிளோட் என்று அதைப் பரவலாகப் பேசவைத்தார். 1986-இல் பெர்க்லியில் இணைய நெரிசல் வேகத்தை வினாடிக்கு 32 ஆயிரம் பிட்டிலிருந்து 40 பிட்டுக்குத் தள்ளியபோது அதற்கு வழி கண்ட வான் ஜேக்கப்சன்தான், கேத்லீன் நிக்கல்ஸுடன் சேர்ந்து 2012-இல் இதற்கும் ‘கோடல்’ என்ற தீர்வைத் தந்தார். இப்படி வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்கியூஎம் என்ற அமைப்பு உங்கள் ரவுட்டரில் இருந்தால் அதை இயக்கி, உண்மையான வேகத்தில் 90 சதவீதம் போல வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் மேட்ச் முடியும்வரை பேக்கப்பை நிறுத்திவைக்கலாம்.

குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க, டிவி பக்கத்தில் லேப்டாப்பை வைத்து ரவுட்டருக்குப் பிங் விடுங்கள், அதாவது பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் கட்டளையைப் போடுங்கள். பல வீடுகளில் அதன் முகவரி 192.168.1.1. சில மில்லிவினாடியில் பதில் வந்துகொண்டிருந்தது திடீரென 300, 400 என்று தாவினால் வைஃபைதான் காரணம். ரவுட்டர் ஒழுங்காக இருந்து, வெளியே கூகுளின் சர்வரான 8.8.8.8-க்கு விடும் பிங் மட்டும் இரவு எட்டு மணிக்கு மேல் தாவினால், வீட்டில் யாரும் எதையும் ஏற்றவில்லை என்று பார்த்துக்கொண்டு, அந்தத் திரையைப் படம் எடுத்து இணைய நிறுவனத்துக்கு அனுப்புங்கள். “நெட் ஸ்லோ” என்று சொல்வதைவிட அது எடுபடும்.

இரண்டும் சரியாக இருந்தும் நிற்கிறதா? போனின் மொபைல் டேட்டாவில் அதே மேட்சைப் போடுங்கள். அங்கேயும் நின்றால் கோளாறு ஒளிபரப்பும் பக்கம். 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் வரை பார்த்தார்கள். அத்தனை ஆப்களும் சில வினாடிக்கு ஒருமுறை அடுத்த துண்டைக் கேட்கின்றன. எல்லோருக்கும் ஒரே கோப்பு என்பதால், ஊர் ஊராக வைத்த சர்வர்களில் நகல் எடுத்து வைத்துச் சமாளிக்கிறார்கள். அதில் ஒன்று திணறினால் வீட்டில் ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பயனில்லை. ஆப்பையும் மூடித் திறக்காதீர்கள், உள்ளே நுழையவே மறுபடி காத்திருக்க நேரலாம். தரத்தை 480பி-க்கு இறக்கிவிட்டு அப்படியே ஓடவிடுங்கள்.